பின்னறைக்கு மூன்றாவது மெஷ் யூனிற்: ஹோலில் பச்சை, பின்னறையில் சிவப்பு

மல்லிகைப்பந்தல் (கொக்குவில்)

எல்லோருக்கும் வணக்கம். எங்களுடையது அம்மம்மா காலத்து நாற்சார் வீடு. நடுவில் முற்றம், சுற்றிவர விறாந்தை, பின்பக்கம் குசினி. குசினிக்கும் பின்னால், கிணற்றடிக்குப் போகிற வழியில், பிறகு கட்டிய தனி அறை ஒன்று இருக்கிறது. அங்கே இருந்துதான் உயர்தரப் பிள்ளைகளுக்கு ஒன்லைனில் கணிதம் படிப்பிக்கிறேன்.

பைபர் இணைப்பு முன் ஹோலுக்கு வருகிறது. அதில் இரண்டு யூனிற் மெஷ் செட் ஒன்று (பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையை வீடு முழுக்கப் பரப்புவது) போட்டிருக்கிறோம்: முதலாவது ஹோலில், இரண்டாவது நடு அறையில். முன்பக்கம் எந்தக் குறையும் இல்லை. பின்னறையில்தான் படம் உறைந்து நிற்கும், குரல் வெட்டி வெட்டி வரும். பிள்ளைகள் "மிஸ், கேட்கேல்லை" என்று எழுதத் தொடங்கிவிடுவார்கள். அதனால் அதே கம்பனியின் புதிய யூனிற் ஒன்றை ரவுணில் வாங்கி வந்தோம். பழைய இரண்டும் வைஃபை 5, புதியது அதற்கு அடுத்த தலைமுறையான வைஃபை 6.

இப்போது பிரச்சினை என்னவென்றால், பின்னறையில் வைத்துச் செயலியில் சேர்க்கப் பார்த்தால் "யூனிற்றைக் கண்டுபிடிக்க முடியவில்லை" என்று வருகிறது. கடையில் கேட்டால் திருப்பிக் கொண்டு வரச் சொல்கிறார்கள். யூனிற் பழுதா, வேறு ஏதாவதா என்று தெரிந்துகொண்டு போனால் நல்லது.

பனங்கூடல்

முதலில் போனைப் பாருங்கள். அன்ரொய்டில் லொகேஷன் அனுமதி கொடுக்காவிட்டால் செயலியால் பக்கத்தில் இருக்கும் வைஃபையைத் தேடவே முடியாது. அன்ரொய்ட் 12க்குப் பிறகு "அருகிலுள்ள சாதனங்கள்" என்று இன்னொரு அனுமதியும் கேட்கும். ஐபோன் என்றால் ஐஓஎஸ் 14இல் இருந்து "லோக்கல் நெற்வேர்க்" அனுமதி. விபிஎன் இருந்தால் நிற்பாட்டுங்கள். மொபைல் டேற்றாவையும் நிற்பாட்டுங்கள். புதிய யூனிற்றின் வைஃபையில் இன்ரநெற் இல்லை என்று கண்டவுடன் போன் தானாகவே டேற்றாவுக்குத் தாவிவிடும், செயலி நடுவழியில் நின்றுவிடும்.

சுன்னாகம் வயர்மன்

தங்கச்சி, புதிய யூனிற்றைப் பின்னறையில் வைத்துச் சேர்க்க வேண்டாம். முன் ஹோலுக்குக் கொண்டுவாருங்கள், முதல் யூனிற்றில் இருந்து ஆறேழு அடிக்குள் வைத்துச் சேர்த்துப் பாருங்கள். அங்கே சேர்ந்தால் யூனிற்றில் பழுதில்லை. அங்கேயும் சேராவிட்டால் கடைக்காரரிடம் போகலாம். இந்த ஒரு சோதனை செய்யாமல் ரிசெற் பட்டனை அமத்திக்கொண்டே இருப்பதில் பலன் இல்லை.

சேர்க்க முன்னம் பழைய இரண்டுக்கும் மென்பொருள் அப்டேற் இருக்கிறதா என்று பார்த்துப் போட்டுவிடுங்கள். பழைய யூனிற்றில் பழைய பதிப்பு கிடந்தால், பிறகு வந்த மொடலை அது அடையாளம் காணாமல் விடும். செயலியில் "தெரிந்த சாதனங்கள் மட்டும்" என்று ஏதாவது கட்டுப்பாடு போட்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

மல்லிகைப்பந்தல்

நன்றி அண்ணை. டேற்றாவை நிற்பாட்டி, அப்டேற் போட்டு, ஹோலில் வைத்தவுடன் சேர்ந்துவிட்டது. பச்சை வெளிச்சம். பக்கத்தில் நின்று பார்த்தால் வேகமும் நல்லது. ஆனால் கழற்றிப் பின்னறைக்குக் கொண்டுபோய்க் குத்தினால், கொஞ்ச நேரம் மஞ்சள், பிறகு சிவப்பு. சில நேரம் பச்சை வரும். ஆனால் வேகம் 5, 6 எம்பிபிஎஸ்தான். திரும்ப ஹோலுக்குக் கொண்டு வந்தால் பச்சை.

கல்வீடு (வட்டுக்கோட்டை)

அப்படியென்றால் யூனிற் சரி. அதற்குப் போய்ச் சேரும் வழிதான் சரியில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், ஏனென்றால் எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் மெஷ் போடும்போது பெட்டியோடு வருகிற வழிகாட்டி பெரிதாக உதவாது.

அந்த வழிகாட்டிகளில் இருக்கும் படங்களைப் பாருங்கள்: பலகையும் ஜிப்சமும் வைத்த மெல்லிய சுவர்கள். எங்கள் யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல் தரை. பழைய ஆட்கள் அந்தக் கல்லையே வெட்டி, சுண்ணாம்புச் சாந்து வைத்து, ஒன்றரை அடி அகலத்தில் சுவர் எழுப்பினார்கள். வெயிலுக்கு அந்த வீடு தரும் குளிர்ச்சி வேறு எந்த வீட்டிலும் கிடையாது. ஆனால் 5 கிகாஹேர்ட்ஸ் அலைக்கு அப்படிப்பட்ட சுவர் இரண்டைத் தாண்டுவது பெரும்பாடு. மாரி காலத்தில் சுவர் ஈரம் குடித்தால் இன்னும் மோசம். 2.4 கிகாஹேர்ட்ஸ் ஓரளவு தாண்டும். நீங்கள் சொன்ன 5, 6 எம்பிபிஎஸ் அதில் வந்ததாகத்தான் இருக்கும்.

இரண்டாவது விஷயம், உங்கள் மூன்றாவது யூனிற் முதலாவதோடு நேரே பேசுவதில்லை. நடு அறையில் இருக்கும் இரண்டாவதோடு பேசி, அது முதலாவதோடு பேசுகிறது. உங்களுடையது இரண்டு அலைவரிசை (2.4உம் 5உம்) கொண்ட மொடல் என்று நினைக்கிறேன். அதில் வாங்குவதும் கொடுப்பதும் ஒரே ரேடியோவில், ஒரே சனலில். ஒரு வாகனம் மட்டும் போகக்கூடிய ஒழுங்கையில் போகிறதும் வருகிறதும் மாறி மாறித்தான் போகவேண்டும் இல்லையா, அதே நிலைதான். ஒரு யூனிற்றில் இருந்து அடுத்ததற்குப் போகும் ஒரு தாவலுக்கு வேகம் ஏறக்குறையப் பாதியாகும். இரண்டு தாவல் என்றால் கால்வாசி மிஞ்சினால் நல்லது. புதியது வைஃபை 6 என்பதாலும் பெரிய மாற்றம் வராது. பழைய வைஃபை 5 யூனிற்றோடு பேசும்போது அது வைஃபை 5 ஆகத்தான் பேசும்.

ஆனால் உங்களிடம் ஒரு பெரிய வசதி இருக்கிறது: முற்றம். திறந்த வெளியில் அலைக்குத் தடை கிடையாது. நடு அறையில் இருக்கும் இரண்டாவது யூனிற்றை எடுத்து, ஹோல் வாசலுக்கு நேரே தெரியும்படி முற்றத்து விறாந்தையில் வையுங்கள். மழைச் சாரல் படாத இடமாக, நிலத்தில் இருந்து நாலைந்து அடி உயரத்தில். ஹோல் யூனிற்றில் இருந்து கதவு வழியாக அதைக் கண்ணால் காண முடிந்தால் அதுதான் சரியான இடம். அதே போல விறாந்தை யூனிற்றில் இருந்து குசினிப் பக்கத்து யன்னல் வழியாகப் பின்னறை தெரிகிறதா என்று பாருங்கள். வழியில் இரும்பு அலுமாரி, பிரிட்ஜ், நிலைக்கண்ணாடி இருந்தால் நகர்த்துங்கள். கண்ணாடியின் பின்பூச்சும் உலோகம்தான். செயலியில் யூனிற்றுகளுக்கு இடையிலான சிக்னல் காட்டுமென்றால் -65 டிபிஎம் அளவில் இருந்தால் போதும் (பூச்சியத்துக்குக் கிட்ட இருந்தால் சிக்னல் கூட). -75ஐ விடக் கீழே, -80 என்று போனால் அந்த இடம் வேண்டாம்.

தொண்டைமானாறு

மூன்று அலைவரிசை கொண்ட செட் ஒன்றை வாங்கினால் இந்தக் கவலையே இல்லையே? ஒரு அலைவரிசையை யூனிற்றுகள் தங்களுக்குள் பேசுவதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கும்.

கல்வீடு

வேகம் பாதியாகும் பிரச்சினைக்கு அது நல்ல மருந்துதான் தம்பி. ஆனால் ஒதுக்கி வைத்த அலைவரிசையும் 5 அல்லது 6 கிகாஹேர்ட்ஸ்தான். ஒன்றரை அடிக் கல்லை அதுவும் தாண்டவேண்டும். 6 கிகாஹேர்ட்ஸ் இன்னும் குறைவாகத்தான் ஊடுருவும். இவ்வளவு செலவழித்துவிட்டுத் திரும்ப இதே கேள்வியோடு வந்து நிற்கக் கூடாது.

பனங்கூடல்

மின்சார வயர் வழியாக இன்ரநெற் கொண்டுபோகும் பவர்லைன் பெட்டிகளும் இருக்கின்றன, அக்கா.

சுன்னாகம் வயர்மன்

பழைய வீட்டு வயரிங்கில் அதை நம்பிக் காசு போட நான் சொல்லமாட்டேன். பின்னறைக்குப் பிறகு கரன்ட் இழுத்திருக்கிறார்கள். மூன்று பேஸ் வீடு என்றால் வேறு பேஸில் இழுத்திருக்கவும் கூடும். பேஸ் மாறினால் அந்தப் பெட்டிகள் ஒன்றையொன்று சரியாகக் காணாது. இன்வேட்டர் போட்டிருந்தால் அதன் இரைச்சலும் லைனில் ஏறும். அடப்டருக்குள் வைத்துக் குத்தினால் இன்னும் மோசம், பழைய உருண்டை முள் பிளக் இடங்களில் அப்படித்தான் குத்தவேண்டி வரும்.

மல்லிகைப்பந்தல்

கல்வீடு அண்ணை சொன்னபடி இரண்டாவதை விறாந்தைக்கு மாற்றினோம். மூன்றாவது இப்போது சிவப்புக் காட்டுவதில்லை. பின்னறையில் 25, 30 வருகிறது. வகுப்பு ஓடுகிறது. ஆனால் அம்மா குசினி யன்னலைச் சாத்தினால் குறைந்துவிடுகிறது. தகரம் அடித்த யன்னல்.

இன்னொரு விஷயமும் கேட்கவேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்பு சிசிரிவி பூட்டவந்த ஆள் முன் ஹோலில் இருந்து பின்னறைக்கு ஒரு நெற்வேர்க் கேபிள் இழுத்துவிட்டுப் போனார். கமரா பிறகு வேறு பக்கம் மாற்றியதால் அது சும்மா கிடக்கிறது. அதை மூன்றாவது யூனிற்றில் குத்திப் பார்த்தேன். குத்தியவுடன் திரும்பவும் சிவப்பு! வீடு முழுக்கவும் வைஃபை ஆடத் தொடங்கியது. தங்கச்சியின் போனில் வைஃபை இருக்கிறது, இன்ரநெற் இல்லை. கேபிளைக் கழற்றினால் எல்லாம் பழையபடி. கேபிள் பழுதா?

சுன்னாகம் வயர்மன்

அதை முதலே சொல்லியிருந்தால் இவ்வளவு நகர்த்தியிருக்கத் தேவையில்லை தங்கச்சி, கேபிள் இருந்தால் பாதி வேலை முடிந்தது. கேபிளின் மற்ற முனை ஹோலில் எதிலே குத்தியிருக்கிறது? மெஷ் யூனிற்றிலா, பைபர் ரவுட்டரிலா?

மேசைக்குப் பின்னால் வயர்கள் எல்லாம் சிக்கிக்கிடந்து தெரியாவிட்டால் இப்படிச் செய்யுங்கள். பின்னறையில் அந்தக் கேபிளை யூனிற்றில் குத்தாமல் லப்ரொப்பில் குத்துங்கள். லப்ரொப்பின் வைஃபையை நிற்பாட்டிவிட்டு, அதற்குக் கிடைக்கும் ஐபி இலக்கத்தைப் பாருங்கள். பிறகு போனில் வைஃபை வழியாகக் கிடைத்த ஐபி இலக்கத்தையும் பாருங்கள். இரண்டையும் இங்கே போடுங்கள்.

மல்லிகைப்பந்தல்

லப்ரொப்பில் 192.168.1.14. போனில் 192.168.68.52.

சுன்னாகம் வயர்மன்

கேபிள் பைபர் ரவுட்டரில் குத்தியிருக்கிறது. ஹோலுக்குப் போய்ப் பார்க்காமலே சொல்லலாம்.

கல்வீடு

ஓம், அதேதான். ஏன் சிவப்பு வந்தது என்பதை விளங்கிக்கொண்டால் பிறகு எங்கே எந்தக் கேபிள் வந்தாலும் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

உங்கள் வீட்டில் இப்போது இரண்டு நெற்வேர்க் இருக்கின்றன. பைபர் ரவுட்டர் தன் பங்குக்கு 192.168.1 என்று இலக்கம் கொடுக்கிறது. அதற்குக் கீழே உங்கள் முதல் மெஷ் யூனிற் ரவுட்டராக நின்று, 192.168.68 என்று வேறு இலக்கம் கொடுக்கிறது. மற்ற மெஷ் யூனிற்றுகள் எல்லாம் முதல் யூனிற்றுக்குக் கீழேதான் வரவேண்டும். நீங்கள் மூன்றாவதை அந்தக் கேபிளில் குத்தியபோது, அது ஒரு பக்கம் வைஃபை வழியாக முதல் யூனிற்றுக்குக் கீழேயும், மறுபக்கம் கேபிள் வழியாக முதல் யூனிற்றுக்கு மேலேயும் நின்றது. இலக்கம் கொடுக்கிற இரண்டு ரவுட்டர்கள் ஒரே இடத்தில் சந்தித்துவிட்டன. தங்கச்சியின் போனுக்கு எங்கிருந்து இலக்கம் வந்ததோ தெரியாது. வைஃபை இருந்தும் இன்ரநெற் இல்லாமல் போனது அதனால்தான். மொடலுக்கு மொடல் அறிகுறி கொஞ்சம் மாறும். சிலது சிவப்புக் காட்டும், சிலது பச்சையோடு நின்று உயிரை வாங்கும்.

மாற்றுவது சுகம். பைபர் ரவுட்டரில் இருந்து அந்தக் கேபிளைக் கழற்றி, ஹோலில் இருக்கும் முதல் மெஷ் யூனிற்றின் மிஞ்சிய துளையில் குத்துங்கள். அதில் இரண்டு துளை இருக்கும்: ஒன்றில் பைபர் ரவுட்டரில் இருந்து வரும் கேபிள், மற்றது காலி. காலித் துளை வேறு எதற்காவது போயிருந்தால் சின்ன கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) நெற்வேர்க் சுவிச் ஒன்றை, அதாவது ஒரு கேபிளைப் பலதாகப் பிரிக்கும் பெட்டியை, இடையில் வைக்கலாம். சாதாரண சுவிச்சே போதும். அமைப்புகளை மாற்றக்கூடிய சில மனேஜ்ட் சுவிச்சுகள், மெஷ் யூனிற்றுகள் தங்களை அடையாளம் காட்ட அனுப்பும் தரவுப் பொதிகளை (1905.1 என்ற தரத்தில் வருபவை) போகவிடாமல் தடுத்துவிடும். அப்போது இதே குழப்பம் வேறு வடிவில் வரும்.

தொண்டைமானாறு

கேபிளைத் தொடாமல் மெஷ் முழுவதையும் அக்சஸ் பொயின்ற் நிலைக்கு மாற்றினாலும் சரிவரும் அல்லவா?

கல்வீடு

வரும். அப்படி மாற்றினால் இலக்கம் கொடுப்பது பைபர் ரவுட்டர் மட்டும்தான். எல்லா யூனிற்றும் ஒரே நெற்வேர்க்கில் நிற்கும், கேபிள் எதில் குத்தினாலும் ஒன்றுதான். வெளியில் இருந்து கமரா பார்க்கிற வீடுகளுக்கும் அது நல்லது, இரண்டு ரவுட்டரைத் தாண்டவேண்டிய தலையிடி இல்லை. ஆனால் பிள்ளைகளுக்கு நேரக் கட்டுப்பாடு, விருந்தினர் வைஃபை என்று மெஷ் செயலியில் போட்டிருந்தால், அவற்றில் சில அந்த நிலையில் வேலை செய்யாது. மல்லிகைக்குக் கேபிளை மாற்றிக் குத்துவதே போதும்.

எந்த வழியானாலும் பைபர் ரவுட்டரின் சொந்த வைஃபையை நிற்பாட்டிவிடுங்கள். மெஷ்ஷுக்குப் பக்கத்திலேயே இருந்து 2.4இல் இரைந்துகொண்டிருக்கும், போன்களும் தவறி அதில் ஏறிக்கொள்ளும்.

மல்லிகைப்பந்தல்

மாற்றிக் குத்தினோம். பச்சை! செயலியில் மூன்றாவது யூனிற்றுக்குப் பக்கத்தில் இப்போது கேபிள் அடையாளம் காட்டுகிறது. குசினி யன்னல் சாத்தினாலும் கவலையில்லை. நேற்று இரவு இரண்டு மணித்தியாலம் வகுப்பு, ஒரு பிள்ளையும் "கேட்கேல்லை" என்று எழுதவில்லை. எவ்வளவு நிம்மதி என்று சொல்லத் தெரியவில்லை. பரீட்சைக்கு நிற்கிற பிள்ளைகள். ஒரு கணக்கின் நடுவில் குரல் வெட்டினால் அந்தக் கணக்கே அவர்களுக்குப் போய்விடும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஹோலில் வேகம் 180 வரை காட்டுகிறது. பின்னறையில் எப்போது பார்த்தாலும் 93, 94. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

சுன்னாகம் வயர்மன்

93, 94 என்று ஆணி அடித்த மாதிரி நின்றால் வைஃபையில் தேடவேண்டாம். கேபிள் 100 எம்பிபிஎஸ்ஸில் இணைந்திருக்கிறது. கேபிளுக்குள் எட்டுக் கம்பி, நான்கு சோடி. 100க்கு இரண்டு சோடி போதும், செம்மஞ்சளும் பச்சையும். கிகாபிட் ஓடுவதற்கு நான்கு சோடியும் வேண்டும். ஒரு கம்பி தொடாவிட்டாலும் தானாக 100க்கு இறங்கிவிடும். சிசிரிவிக்கு 100 போதும் என்பதால் பூட்டியவர் கவனித்திருக்கமாட்டார்.

இரண்டு முனையிலும் இருக்கும் கண்ணாடி ஜக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எட்டுக் கம்பியும் ஜக்கின் முன்சுவரை முட்டிக்கொண்டு நிற்கவேண்டும். கிளிப் கீழே, கேபிள் உங்கள் பக்கம் இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து: வெள்ளை செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை மண்ணிறம், மண்ணிறம்.

மல்லிகைப்பந்தல்

படம் போட்டிருக்கிறேன் அண்ணை. பின்னறைப் பக்கத்து ஜக்கில் மண்ணிறக் கம்பி இரண்டும் பாதியில் நிற்கின்றன. செம்பு நுனி ஜக்கின் பித்தளைப் பல்லுக்குக் கீழே வரவே இல்லை.

சுன்னாகம் வயர்மன்

அதுதான். வெட்டிவிட்டுப் புது ஜக் அடிக்கவேண்டும். வெளியுறையை ஜக்கின் உள்ளே வரை தள்ளி அடித்தால்தான் பிறகு இழுபட்டாலும் கழன்று வராது. அடிக்கிறவரிடம் கம்பியின் நுனியை நகத்தால் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே வெள்ளியாகத் தெரிந்தால் அலுமினியத்துக்குச் செம்பு பூசியது. அது வளைத்தால் முறியும், எங்கள் கடற்காற்றுக்கு முனை விரைவில் அரித்தும் போகும். அப்படியென்றால் ஜக்கோடு நிற்காமல் கேபிளையே மாற்றுவது நல்லது.

தாவடிச்சந்தி

கேபிள் வீட்டுக்கும் பின்னறைக்கும் இடையில் வெளியாலா போகிறது? குழாய்க்குள்ளா, சும்மாவா?

மல்லிகைப்பந்தல்

குசினிக் கூரையில் இருந்து பின்னறைக்கு அந்தரத்தில் போகிறது. குழாய் இல்லை. இருபது அடி இருக்கும்.

தாவடிச்சந்தி

மல்லிகை, இதை ஐப்பசிக்கு முன்னம் செய்துவிடுங்கள். இடிமுழக்கத்தோடு வரும் மழையில், இரண்டு கட்டடத்துக்கு இடையில் அந்தரத்தில் தொங்கும் செம்புக் கம்பி ஆபத்து. மின்னல் நேரே அடிக்கத் தேவையில்லை. பக்கத்துப் பனையில் விழுந்தாலே கம்பியில் பாயும் மின்னழுத்தம் இரண்டு பக்கத்து யூனிற்றையும், சில வேளை பைபர் ரவுட்டரையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். எங்கள் பக்கத்து வீட்டில் அப்படித்தான் போனது.

கேபிளை மாற்றுவதென்றே முடிவு வந்தால், வெளியால் போகும் அந்தத் துண்டுக்குச் செம்பு போடாமல் பைபர் போடுங்கள். முனை அடித்தே விற்கும் வெளிப்பாவனைப் பைபர் கேபிள் ஒன்று, இரண்டு பக்கமும் மீடியா கொன்வேட்டர் (பைபரையும் செம்புக் கேபிளையும் இணைக்கும் சின்னப் பெட்டி) ஒவ்வொன்று. கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது. கொன்வேட்டர் கிகாபிட் வகைதானா என்று கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் திரும்ப 94இல் நிற்கும். கேபிளுக்குள் இரும்புக் கவசமோ தாங்கு கம்பியோ இருந்தால் அதைக் கொன்வேட்டர் வரை கொண்டுபோகாமல் வெளியிலேயே வெட்டிவிடச் சொல்லுங்கள். வெயில் தாங்கும் கறுப்பு உறை இருக்கட்டும், குழாய்க்குள் போகட்டும். இல்லாவிட்டால் அணில் கடிக்காமல் விடாது.

கல்வீடு

இதை நானும் வழிமொழிகிறேன். பைபர் போடும்வரைக்கும், இடி மழை வரும்போல இருந்தால் முழக்கம் தொடங்க முன்னமே கேபிளை இரண்டு முனையிலும் கழற்றிவிடுங்கள். கரன்ட் பிளக்கை மட்டும் கழற்றினால் போதாது, பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். கேபிளைக் கழற்றினாலும் மூன்றாவது யூனிற் தானாக விறாந்தை யூனிற்றோடு வைஃபையில் சேர்ந்துகொள்ளும், அதனால் விறாந்தையில் இருப்பதை இப்போதைக்கு எடுக்கவேண்டாம்.

மல்லிகைப்பந்தல்

வயர்மன் அண்ணை, நுனியைச் சுரண்டிப் பார்த்தோம், உள்ளே வெள்ளியாகத்தான் இருக்கிறது. பைபர் போடுவதென்று அப்பாவும் சொல்லிவிட்டார். கரன்ட் போனால் என்ன செய்வது என்றும் யோசிக்கிறோம். ஹோலில் ரவுட்டருக்கும் முதல் யூனிற்றுக்கும் சின்ன யூபிஎஸ் இருக்கிறது, பின்னறையில் இல்லை.

சுன்னாகம் வயர்மன்

பின்னறை யூனிற், அந்தப் பக்கத்துக் கொன்வேட்டர், இரண்டின் அடப்டரிலும் எழுதியிருக்கும் வோல்ற்றையும் அம்பியரையும் பார்த்து இங்கே போடுங்கள். யூனிற் 12 வோல்ற், கொன்வேட்டர் 5 வோல்ற் என்று இருந்தால் இரண்டு வெளியீடும் உள்ள சின்ன டிசி யூபிஎஸ் ஒன்றே இரண்டுக்கும் காணும். ஹோல் பக்கத்துக் கொன்வேட்டரை அங்கே இருக்கும் யூபிஎஸ்ஸில் ஏற்ற மறக்கவேண்டாம். அது அணைந்தால் பின்னறையில் பற்றரி இருந்தும் பைபர் வழி அறுந்துவிடும். லப்ரொப் பற்றரியில் ஓடும் என்பதால் வகுப்பு நிற்காது.

மல்லிகைப்பந்தல்

யூனிற் 12 வோல்ற் 1.5 அம்பியர். கொன்வேட்டர் சனிக்கிழமை வாங்கியவுடன் பார்த்துப் போடுகிறேன்.